மெல்ல, மெல்லாமல்

பிரஸ்ஸல்ஸுக்குப் போன இடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுசாக ஒரு மணி நேரம் எனக்கு இனாமாகக் கிடைத்தது. 2024 அக்டோபரின் கடைசி ஞாயிறு அது. ஐரோப்பாவில் வருஷாவருஷம் அந்த நாளில் விடிகாலை மூன்று மணியைப் பிடித்து இரண்டு மணி ஆக்கிவிடுகிறார்கள். கைப்பேசி தானாகவே திருத்திக்கொள்ளும். என் கையில் இருப்பது கல்யாணத்துக்கு அப்பா வாங்கித் தந்த கடிகாரம். அது யார் சொல்லியும் கேட்காது. அது காட்டிய பத்து மணியை நம்பி டிராம் பிடித்துப் போய் இறங்கினால், ஊர் இன்னும் ஒன்பதில்தான் இருந்தது.

மகளுக்குப் போன் போட்டேன். தூக்கக் கலக்கத்திலேயே சிரித்தாள். "மணியை மாத்திட்டாங்கம்மா. அங்கியே எங்காச்சும் உக்காருங்க, நான் பத்துக்கு வந்துடறேன்."

நாலு நாளில் தீபாவளி. அதிரசத்துக்கு மாவு இடிக்க வேண்டிய வேளையில் என்னைச் சாக்லேட் தின்னக் கூட்டிப்போவதாக அவள் ஏற்பாடு. பத்துப் பன்னிரண்டு பேர் காசு கட்டிச் சேர்ந்து, வழிகாட்டி ஒருவரின் பின்னால் ஊருக்குள் நடக்க வேண்டும். வழியில் வரும் சாக்லேட் கடைகளில் கடைக்கு ஒரு துண்டு தருவார்கள். தின்பதற்குமா வழிகாட்டி என்று முதல் நாள் கேலி செய்திருந்தேன்.

கிடைத்த ஒரு மணி நேரத்தைச் சேன் ஹூபேர் கடைவீதியில் செலவழித்தேன். 1847-இல் திறந்தது. 200 மீட்டருக்கும் மேல் நீளமான வீதி, மேலே முழுக்கக் கண்ணாடிக் கூரை. வெளியே தூறல், பத்து டிகிரிக் குளிர். உள்ளே நனையாமல் நடக்கலாம். கடைகள் திறக்கவில்லை. ஒரு சாக்லேட் கடையில் மட்டும் விளக்கு எரிந்தது. வெள்ளைக் கையுறை போட்ட ஒரு பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மண்டியிட்டு, சாக்லேட்டில் செய்த காளான்களையும் பழுத்த இலைகளையும் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். ஓர் இலையை வைப்பாள், எழுந்து வெளியே வருவாள், தள்ளி நின்று பார்ப்பாள், மறுபடி உள்ளே போய் அதை ஒரு விரற்கடை நகர்த்துவாள். கொலு வைக்கிற வீட்டில் பெரியவர்கள் படுத்துகிற பாடு நினைவுக்கு வந்தது. மூன்றாவது முறை வெளியே வந்தபோது என்னைப் பார்த்து, எப்படி இருக்கிறது என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினாள். வலது பக்கக் காளான் சாய்ந்திருப்பதாக நான் கையைக் காட்டினேன். போய் நிமிர்த்திவிட்டு வந்தாள்.

பத்து மணிக்குக் கூட்டம் சேர்ந்தது. வழிகாட்டி இளைஞர், சாக்லேட் பட்டறையில் சில வருஷம் வேலை பார்த்தவராம். முதல் விதியை நடுவீதியிலேயே சொன்னார். துண்டை வாயில் போடுமுன் முகர வேண்டும். உடைத்து, 'டக்' என்ற சத்தம் கேட்க வேண்டும். பிறகு நாக்கின் மேல் வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். கடிக்கவே கூடாது.

மகள் என் காதில் தமிழில் சொன்னாள்: "மெல்லத் தின்னணுமாம்மா. ஆனா மெல்லக் கூடாதாம்."

முறுக்கும் தட்டுவடையும் தின்று வளர்ந்த வாய் இது. முதல் துண்டை வைத்த மூன்றாம் விநாடியே மென்று விழுங்கிவிட்டேன். வழிகாட்டி பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை.

அந்த முதல் துண்டு நொய்ஹவுஸ் கடையில். 1857-இல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ஜான் நொய்ஹவுஸ் இதே வீதியில் வைத்தது மருந்துக்கடை. கசப்பு மருந்துக்கு மேலே சாக்லேட் பூசிக் கொடுத்தாராம். நம்மூரில் சூரணத்தைத் தேனில் குழைத்துக் கொடுக்கிற கதைதான். கூட்டம் மருந்தைவிட மேல்பூச்சுக்கு வந்திருக்க வேண்டும். 1912-இல் பேரனுக்கு வேறொரு யோசனை வந்தது. மருந்து இருந்த இடத்தில் இனிப்பையே வைத்தால் என்ன? அதுதான் பெல்ஜியக்காரர்கள் பெருமையோடு சொல்லும் பிரலீன்.

வழிகாட்டி செய்முறையை விளக்கினார். அச்சில் உருகிய சாக்லேட்டை ஊற்றுவது, உடனே கவிழ்த்துக் கொட்டுவது, ஓரத்தில் ஒட்டி நிற்கும் மெல்லிய ஓடு இறுகியதும் அதற்குள் நடுப்பொருளை வைப்பது, மேலே இன்னொரு பூச்சுப் பூசி மூடுவது. எனக்கு அரை வாக்கியத்திலேயே விளங்கிவிட்டது. கொழுக்கட்டை. சொப்பு செய்து, பூரணம் வைத்து, வாயை மூடுவது. பூரணத்திலும் பெரிய வேறுபாடு இல்லை. சர்க்கரையைப் பாகு காய்ச்சிக் கருக விட்டு, அதில் வறுத்த ஹேசல்நட் பருப்பைப் போட்டு, ஆறியதும் மை போல அரைக்கிறார்கள். கடலை மிட்டாயை அம்மியில் வைத்து அரைத்தால் என்ன வருமோ, அதற்கு ஒன்றுவிட்ட அண்ணன்.

பிரலீனைக் கண்டுபிடித்த பேரனைவிட, எனக்கு அவர் மனைவி லூயிஸ் அகொஸ்தீனியின் கதைதான் பிடித்தது. அந்தக் காலத்தில் பிரலீனைக் காகிதக் கூம்பில் போட்டுத்தான் கொடுத்தார்கள். நம் பட்டாணிப் பொட்டலம் மாதிரி. வீடு போய்ச் சேர்வதற்குள் அடியில் இருப்பது நசுங்கிப் பூரணம் வெளியே வந்துவிடும். 1915-இல் அந்த அம்மாள் அட்டையில் ஒரு பெட்டி செய்தார். அடி குறுகி, மேலே விரிந்து, மடிப்புகளால் மூடிக்கொள்ளும் பெட்டி. பலோத்தேன் என்று பெயர். அதற்குள் தேன் இருப்பது தமிழ்க் காதுக்கு மட்டும் கேட்கும். கடைக்காரப் பெண் ஒரு பெட்டியை எங்கள் கண் முன்னால் நிரப்பினாள். கெட்டியான சதுரங்கள் அடியில், மேலே பருப்பு வைத்தவை நடுவில், தொட்டால் உடைகிறவை உச்சியில். ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு தாள். மூடியபிறகு பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டினாள். சத்தமே இல்லை. பொட்டலம் மடிக்கிற பழைய மளிகைக்கடைக்காரர்களிடம் மட்டும் நான் பார்த்த கைத்திறன் அது.

கடைவீதியை விட்டு வெளியே வந்தால் தெருப்பெயர்களே பசியைக் கிளப்புகின்றன. வெண்ணெய்த் தெரு, மூலிகைச் சந்தைத் தெரு, பாலாடைக்கட்டிச் சந்தைத் தெரு, கறிக்கடைக்காரர் தெரு, மீன் பெயரில் ஒரு சந்து. மதுரையில் வெண்கலக்கடைத் தெருவும் எழுத்தாணிக்காரத் தெருவும் போல, பொருள் போய்விட்டது, பெயர் நிற்கிறது. வெண்ணெய்த் தெருவில் இப்போது விற்பது சுற்றுலாப் பயணிக்கான சாக்லேட். பெட்டிகளைக் கோபுரமாக அடுக்கி, நாலு வாங்கினால் ஒன்று இனாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த ஊரின் அடையாளமான, ஒன்றுக்குப் போகிற பையன் சிலையைச் சாக்லேட்டில் வார்த்து, ஆள் உயரத்துக்கு வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள்.

வழிகாட்டிக்கு அந்தத் தெரு ஆகாது. வேகமாக நடந்தவர் ஓரிடத்தில் மட்டும் நின்று, ஒரு பெட்டியை எடுத்துத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தை வாசித்துக் காட்டினார். கொக்கோ வெண்ணெயோடு வேறு கொழுப்பும் கலந்திருந்தது. பிரிட்டனும் அயர்லாந்தும் 1973-இல் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்த நாளிலிருந்து இது ஒரு பெரிய சண்டையாம். அவர்கள் ஊர் சாக்லேட்டில் வேறு தாவரக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். பெல்ஜியமும் பிரான்சும், அதைச் சாக்லேட் என்றே சொல்லக் கூடாது என்றன. 2000-இல்தான் தீர்ப்பு வந்தது. ஐந்து சதவீதம் வரை சேர்க்கலாம், ஆனால் சட்டம் பெயர் சொல்லும் ஆறு கொழுப்புகள்தான். பட்டியலை மகள் கைப்பேசியில் எடுத்துப் படித்தாள். பாமாயில், ஷியா, இலிப்பே, சால் மரத்து விதை, கொங்கண் பக்கத்துக் கோகம், கடைசியாக மாங்கொட்டைப் பருப்பு. ஊறுகாய் போட்டது போகக் குப்பையில் எறிகிற மாங்கொட்டைக்கு ஐரோப்பியச் சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது. இது தெரியாமல் எத்தனை கொட்டைகளை வாசலில் வீசியிருக்கிறேன்.

சொன்னால் வழிகாட்டி வருத்தப்படுவார், அந்தப் பயணிச் சாக்லேட்டும் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. நான் வளர்ந்த காலத்தில் சாக்லேட் என்றால் கண்ணாடித் தாள் சுற்றிய புளிப்பு மிட்டாயும் அடக்கம். பிறந்தநாளுக்கு வகுப்பில் கொடுப்பதும் சாக்லேட்தான், சில்லறை இல்லாதபோது கடைக்காரர் தலையில் கட்டுவதும் சாக்லேட்தான். அதில் கொக்கோ உண்டா என்று யார் கேட்டார்கள்?

பெரிய சதுக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடந்தோம். 1695-இல் பிரெஞ்சுப் பீரங்கிகள் ஏறக்குறையத் தரைமட்டமாக்கிய இடத்தை, கைவினைச் சங்கத்தார் சில வருஷங்களிலேயே தங்கப்பூச்சோடு திரும்பக் கட்டியது. அதைப்பற்றி எழுதாதவர்கள் கிடையாது, நான் விட்டுவிடுகிறேன்.

லியோனிடாஸ் கடையின் கதை சொல்ல வேண்டியது. லியோனிடாஸ் கெஸ்தெகிடிஸ் என்ற கிரேக்க மிட்டாய்க்காரர், பிழைக்க அமெரிக்கா போனவர், 1910-இல் பிரஸ்ஸல்ஸில் நடந்த உலகக் கண்காட்சிக்குச் சரக்கோடு வந்தார். இங்கே ஒரு பெண்ணைப் பிடித்துப்போய்த் தங்கிவிட்டார். அவருடைய அண்ணன் தம்பி வழிப் பிள்ளை பசிலியோ 1930-களில் செய்ததுதான் புரட்சி. கடைக் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு, தெருவில் நிற்கிறவர் கையிலேயே சாக்லேட்டை விற்றார். அதுவரை பிரலீன் வாங்க வேண்டும் என்றால் தொப்பியைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும், விலையும் தொப்பிக்காரர்களுக்கு ஏற்ற விலை. ஜன்னல் திறந்ததும் வேலை முடிந்து போகிறவர்களும் நின்று நூறு கிராம் வாங்கினார்கள். வழிகாட்டி இதைச் சொன்னதும் எனக்கு எங்கள் ஊர் பேருந்து நிலைய டீக்கடை கண்ணில் வந்தது. உள்ளே மேசை இருந்தாலும் ஊரே வெளியே நின்றுதான் குடிக்கும். அந்த ஜன்னலில் வாங்கிய துண்டு, வெள்ளைச் சாக்லேட்டுக்குள் காப்பி வாசமுள்ள பூரணம். இந்த முறை எட்டு விநாடி தாங்கினேன்.

பிறகு ஒரு சின்னப் பட்டறை. நடையில் எனக்கு இதுதான் உச்சம். கதவைத் திறந்ததும் அடித்த வாசனையில் பன்னிரண்டு பேரும் பேச்சை நிறுத்தினோம். சலவைக்கல் மேடைமேல் ஒரு பெண் உருகிய கறுப்புச் சாக்லேட்டை ஊற்றி, இரண்டு தட்டைக் கரண்டிகளால் பரப்புவதும் திரட்டுவதுமாக இருந்தார். மைசூர்பாகு கிண்டுகிறவர் பதம் பார்க்கிற அதே முகம். கொக்கோ வெண்ணெய் ஆறு விதமாக உறையுமாம். அதில் ஐந்தாவது விதம்தான் பளபளப்பும் 'டக்'கும் தருவது. அதை மட்டும் வரவழைக்க, 45 டிகிரிக்கு மேல் உருக்கி, 28 வரை ஆற்றி, மறுபடி 31, 32-க்குக் கொண்டுவந்து அங்கேயே நிறுத்த வேண்டும். இரண்டு டிகிரி தவறினாலும் பதம் போய்விடும். போன பதத்தின் அடையாளம் மேலே படரும் வெள்ளைப் பூச்சு.

நான் கேட்டேன்: அந்த வெள்ளை, பூசணம் இல்லையா?

இல்லையாம். உருகி, தாறுமாறாக மறுபடி உறைந்த வெண்ணெயேதானாம். தின்னலாம். வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் கொண்டுவந்த எத்தனை சாக்லேட்டுகளைப் பூசணம் என்று பொள்ளாச்சியில் தூக்கி எறிந்திருக்கிறேன்! மாங்கொட்டைக்கு அடுத்து இது இரண்டாவது.

ஐந்தாவது விதத்து வெண்ணெய் உருகுவது ஏறக்குறைய 34 டிகிரியில். மனித உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம் கீழே. வாயில் போட்டதும் கரைகிற வித்தையே அதுதான். இங்கே ஐப்பசியில் சட்டைப்பையில் போட்டு நாள் முழுக்க நடந்தாலும் துண்டு கசங்காது. எங்கள் ஊர் சித்திரையில் கடை அலமாரியிலேயே கரைந்துவிடும். கோடையில் இங்கேயும் வியாபாரம் மந்தம்தான் என்றார் அந்தப் பெண். இலை பழுக்கத் தொடங்கினால் சாக்லேட் காலம் தொடங்கும், டிசம்பர் 6-இல் வரும் புனித நிக்கோலாசுக்குப் பிள்ளைகளுக்காகச் சாக்லேட் பாதிரியார்களை வார்க்க இப்போதே அச்சு எடுத்தாயிற்று என்று அலமாரியைக் காட்டினார். நுங்குக்கு ஒரு பருவம் உண்டு, பனம்பழத்துக்கு ஒரு பருவம் உண்டு, அவற்றை அந்தந்த ஊரில் மரத்தடியில் தின்ன வேண்டும் என்று பேசுகிற ஆள் நான். வருஷம் முழுக்க எல்லாக் கடையிலும் தொங்குகிற சாக்லேட்டுக்கும் பருவமும் ஊரும் உண்டு என்று அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

மேடேறிச் சாப்லோன் சதுக்கத்துக்குப் போனோம். பெயருக்கு மணல் என்று அர்த்தம். ஒரு காலத்தில் மணல்வெளியாக இருந்த இடத்தில் இன்று ஊரின் விலை உயர்ந்த சாக்லேட் கடைகள். தேவாலயத்தின் காலடியில் வார இறுதியில் பழம்பொருள் சந்தை கூடுகிறது. ஈர இலைகள் செருப்பில் ஒட்டின. பூக்கடை வாசலில் தொட்டி தொட்டியாகச் சாமந்தி. ஆசையாக ஒன்றை எடுத்தேன். மகள் கையைப் பிடித்தாள். நவம்பர் 1-இல் கல்லறைக்கு வைக்கிற பூவாம். யார் வீட்டுக்கும் கொண்டுபோய்விடக் கூடாதாம். எங்கள் மாரியம்மன் கேட்டால் என்ன சொல்வாள் என்று நினைத்துக்கொண்டே வைத்துவிட்டேன்.

பியர் மார்கோலினி கடையில் பெட்டிகள் நகைப்பெட்டி போல இருந்தன. 1995-இல் உலக அளவில் பட்டம் வென்ற இனிப்புக் கலைஞர் அவர். கொட்டையை வாங்கி வறுப்பதிலிருந்து எல்லாவற்றையும் தாமே செய்கிறவர். கட்டிச் சாக்லேட் ஒவ்வொன்றிலும் கொட்டை வந்த நாட்டின் பெயர் இருந்தது. அதுவரை நாங்கள் கேட்ட கதைகளில் தாத்தா, பேரன், மருமகள் எல்லாரும் வந்தார்கள், மரம் வரவில்லை. உலகத்துக் கொக்கோவில் பாதிக்கும் மேல் ஐவரி கோஸ்ட், கானா இரண்டு நாடுகளில் விளைகிறது என்று வழிகாட்டி ஒரு வரியில் முடித்தார். பிறகு எங்களைப் பார்த்துப் பேச்சுக்குக் கேட்டார்: உங்களில் யாராவது கொக்கோ மரத்தைப் பார்த்திருக்கிறீர்களா?

பன்னிரண்டு பேரில் என் ஒரு கைதான் உயர்ந்தது.

ஆனைமலைப் பக்கம் என் தம்பியின் தென்னந்தோப்பில் ஊடுபயிராக நிற்கிறது. 1965-இல் கேட்பரி கம்பெனி கேரளத்தில் தொடங்கிவைத்த சாகுபடி, பின்னால் மலையைத் தாண்டி எங்கள் பக்கமும் வந்தது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். பலா போல அடிமரத்திலேயே காய்க்கும். பழுத்தால் மஞ்சள். உடைத்தால் உள்ளே சாக்லேட் வாசனை துளிகூட இருக்காது. வெள்ளை வெளேர் என்று சதை, கொட்டையைச் சுற்றி, மங்குஸ்தான் மாதிரி புளிப்பும் தித்திப்பும். அதைச் சப்பிவிட்டுக் கொட்டையைத் துப்புவோம். மற்றவற்றை அள்ளிக் குவித்து, வாழை இலையும் சாக்கும் போட்டு மூடி, நாலைந்து நாள் புளிக்க விட்டால் தொட்டால் சுடுகிற அளவுக்குக் கொதிக்கும். அந்த வாரம் தோப்புப் பக்கம் போனால் காடி நாற்றம் மூக்கைத் துளைக்கும். அதற்குப் பிறகு வெயிலில் காய வேண்டும். புளிக்காத கொட்டையை எப்படி வறுத்தாலும் சாக்லேட் ஆகாது.

வழிகாட்டி வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சதையை அவர் தின்றதே இல்லையாம். நான் தோப்பில் வளர்ந்தும் ஒழுங்கான 'டக்' சத்தத்தை அன்றைக்குத்தான் கேட்டேன். மரம் நிற்கிற ஊரில் சாக்லேட் நிற்பதில்லை, சாக்லேட் நிற்கிற ஊரில் மரம் நிற்பதில்லை. இதை ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு வரவில்லை. மகளும் மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டு, "விடுங்கம்மா" என்றாள்.

கடைசித் துண்டு, வெறும் கறுப்புச் சாக்லேட், பூரணம் எதுவும் இல்லை. முகர்ந்தேன், உடைத்தேன், நாக்கில் வைத்துக் கண்ணை மூடினேன். முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு கசப்பு. கசப்பு விலகுகிற இடத்தில், கொஞ்சமாக, அந்தக் காடிப் புளிப்பு. தோப்பு, சாக்கு, வாழை இலை. கண்ணைத் திறந்தபோது கூட்டம் வெளியே போய்விட்டிருந்தது.

தீபாவளிக்கென்று அரைக் கிலோப் பெட்டி ஒன்று வாங்கினோம். நாற்பத்தைந்து யூரோ. டிராமில் மடிமீது வைத்துக்கொண்டு தம்பிக்கு வீடியோவில் கூப்பிட்டேன். முந்தின நாள் வரை நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி வித்தியாசம், அன்றிலிருந்து நாலரை. இங்கே பகல் ஒரு மணி, அங்கே தோப்பில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அந்த வருஷம் காய்ந்த கொட்டை கிலோ ஆயிரம் ரூபாயைத் தொட்டு இறங்கியதில் தம்பி சாக்லேட் பற்றிப் பேசினாலே கணக்குப் போடுவான். பெட்டியைத் திறந்து காட்டினேன். விலையைக் கேட்டான். சொன்னேன்.

"நாலாயிரமா! ஏனுங்கக்கா, அரைக் கிலோவுக்கா?"

கைப்பேசியைத் திருப்பி மரத்தைக் காட்டினான். பழுத்த காய் ஒன்றின் பக்கவாட்டில் காசு அகலத்துக்கு ஓட்டை. அதற்குள் தலையை விட்டுக்கொண்டு, வால் மட்டும் வெளியே தெரிய, ஓர் அணில்.

"இவன் ஒரு பைசா குடுக்காம தின்னுட்டிருக்கான் பாருங்க. இதோட இன்னிக்கு மூணு காய்."